கார்டு மட்டும்தான் பாக்கி

வேலை இடத்தில் அண்ணனை எல்லோரும் மில்லி என்றுதான் கூப்பிடுவார்கள். அலுமினிய ஜன்னலும் கதவும் பொருத்துகிற வேலை. மற்றவர்கள் அளவை அங்குலத்தில் சொன்னால் இவர் மில்லிமீட்டரில் திருப்பிச் சொல்வார். சட்டம் ஒரு மில்லி சாய்ந்திருந்தாலும் கழற்றி மறுபடி பொருத்துவார். "மில்லி அண்ணே, வீட்டுக்காரங்க ஜன்னல் வழியா வெளிய பார்க்கப் போறாங்க. ஜன்னலையா பார்க்கப் போறாங்க?" என்று கூட இருப்பவர்கள் கேலி செய்வார்கள். அவர் பதில் சொல்ல மாட்டார். திருகாணியின் தலை வெளியே தெரியக்கூடாது, ரப்பர் பட்டையின் முனை தெரியக்கூடாது, தானாகத் திறக்கும் கதவென்றால் பின்பக்கம் ஒரு ஒயர் தொங்கக்கூடாது. அவர் முடித்துவிட்டுப் போன இடத்தில் வேலை நடந்த தடயமே இருக்காது. அவர் இறந்தபோது துக்கம் விசாரிக்க வந்தவர்களும் அந்தப் பெயரைத்தான் சொன்னார்கள். மில்லி போயிட்டாரா என்றார்கள். அவருடைய நிஜப் பெயரை அன்றைக்குத்தான் சிலர் தெரிந்துகொண்டார்கள்.

தங்கை நானும் அவரும் மாடியில் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். நான் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அண்ணி அவரைவிட்டுப் பிரிந்து வேறு ஊருக்குப் போனபோது அவர்கள் மகள் பாப்பாவுக்கு எழுதப் படிக்கக்கூடத் தெரியாது. பெரிய சண்டை எதுவும் இல்லை. "சண்டை போட்டிருந்தா இருந்திருப்பேன், சுவத்தோட எவ்வளவு நாள் குடித்தனம் நடத்துறது?" என்று அண்ணி என்னிடம் ஒருமுறை சொன்னார். அதில் தவறு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. அண்ணனுக்குப் பேச வராது. ஆசை இருக்கும், வார்த்தை இருக்காது. பாப்பாவின் பள்ளி விழாவுக்கு வருகிறேன் என்பார். அன்றைக்கென்று ஏதாவது ஒரு கட்டடத்தில் கண்ணாடி உடையும், போக முடியாது. போக முடியாததைச் சொல்வதற்கும் கூப்பிட மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாப்பாவுடன் பேசலாம் என்பது ஏற்பாடு. அந்தப் பேச்சு எனக்கு மனப்பாடம்.

"சாப்ட்டியா?"

"ம்."

"படிக்கிறியா?"

"ம்."

"அம்மா நல்லா இருக்காங்களா?"

"ம். நீங்க?"

"ம்."

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார், வேலை இடத்தில் விட்டுவிட்டு வந்த சுத்தியலை நினைத்துக்கொண்டிருப்பவர் மாதிரி.

பாப்பா எட்டாம் வகுப்புக்குப் போன வருஷம் ஒரு ஞாயிறு, அந்த இரண்டாவது 'ம்'முக்குப் பிறகு அவளே கேட்டாள். "அப்பா, உங்ககிட்ட பிசி இருக்கா?"

"எதுக்கு?"

"கேம் ஆட. நான் ஒண்ணு ஆடறேன். ரெண்டு பேர் சேர்ந்து ஒரு தீவுல வீடு கட்டணும். என் ஃபிரண்டு ஸ்கூல் மாறிட்டா, கூட ஆட ஆள் இல்ல. உங்களுக்குத்தான் வீடு கட்டத் தெரியுமே."

"எனக்கு ஜன்னல்தான் தெரியும்."

"ஜன்னல் நீங்க வைங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

அண்ணன் அன்றிரவு சாப்பிடும்போது இரண்டு தடவை சிரித்தார். காரணம் கேட்டால் சொல்லவில்லை. மறுநாள் என் அலுவலகக் கம்ப்யூட்டர் மாதிரி ஒன்று போதுமா என்று கேட்டார். போதாது என்று பாப்பா சொல்லிவிட்டாளாம். அந்த விளையாட்டுக்கென்று தனியாகப் பலம் வேண்டும். முழுசாகக் கடையில் வாங்கினால் எங்கள் கைக்கு அடங்காது. பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தால் அடங்கும். அப்படித்தான் அது ஆரம்பித்தது, சம்பளத்துக்கு ஒரு பாகம் என்று.

முதலில் மதர்போர்டு, மற்ற எல்லா பாகங்களும் உட்காரும் பலகை. அதைத் தேர்ந்தெடுக்க மூன்று ஞாயிறு பிடித்தது. பாப்பா படம் அனுப்புவாள். அண்ணன் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, திருகாணித் துளைகளின் அளவைக் கேட்பார்.

"அப்பா, துளையெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க."

"நீ பார்க்க மாட்ட. உட்கார வைக்கிறவன் பார்ப்பான்."

"சரி, இந்த நீலமா, அந்தக் கறுப்பா?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

அவள் விளக்குவாள். ஆசிரியர் மாதிரி, கொஞ்சம் சலிப்போடு, கொஞ்சம் பெருமையோடு. அவர் 'ம்' கொட்டமாட்டார். கேள்வி கேட்பார். அவருக்குக் கேள்வி கேட்கத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ராம் என்கிற நினைவகப் பட்டை ஒன்று பெரியதாகப் போடுவதா, சின்னதாக இரண்டு போடுவதா? இரண்டு போட்டால் என்ன லாபம்? பவர் சப்ளையில் ஏன் இவ்வளவு விலை வித்தியாசம்? பாப்பா மலிவானது போதும் என்றாள். அண்ணன் முதல்முறையாக அவளோடு சண்டை போட்டார்.

"கரண்ட் விஷயத்துல கஞ்சத்தனம் கூடாது. வெளிச்சம் போடுற பெட்டிக்குக் காசு இருக்கு, இதுக்கு இல்லையா?"

"லைட் இல்லைன்னா அது கேமிங் பிசியே இல்ல."

"லைட்டு வேணும்னா டார்ச் வாங்கித் தர்றேன்."

போனின் அந்தப் பக்கம் அண்ணியின் குரல் கேட்டது. "யாருடி அது? உங்கப்பாவா பேசறாரு? போன் கெட்டுப்போச்சான்னு பாரு."

பாப்பா சிரித்த சிரிப்பு எங்கள் அறை வரைக்கும் வந்தது. கடைசியில் பவர் சப்ளை அண்ணன் சொன்னபடி, பாகங்களை உள்ளே பொருத்தும் பெட்டி பாப்பா சொன்னபடி என்று முடிவாயிற்று. பக்கவாட்டில் கண்ணாடி வைத்த பெட்டி வந்தபோது அண்ணன் அந்தக் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்து, "கனம் பத்தாது" என்றார்.

பிராசஸர் வாங்கும்போது ஒரு முடிவெடுத்தார்கள். ஒரே பிராசஸரில் இரண்டு வகை இருந்தது. ஒன்றில் திரைக்குப் படம் அனுப்பும் வசதி உள்ளேயே உண்டு. இன்னொன்றில் இல்லை, அதனால் மலிவு. "எப்படியும் கிராபிக்ஸ் கார்டு போடப் போறோம், படத்தை அது பார்த்துக்கும். எதுக்கு வீணா?" என்றாள் பாப்பா. கணக்கு சரிதான். மலிவானதையே வாங்கினார்கள். கார்டு வரும்வரை அந்த மெஷினில் எதையும் பார்க்க முடியாது, வாங்கிய பாகங்கள் நல்லதா கெட்டதா என்று சோதிக்கவும் முடியாது என்பது அன்றைக்கு யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. அட்டைப் பெட்டிகளைக் கட்டிலுக்கடியில் அடுக்கி, மேலே பழைய வேட்டியைப் போர்த்தி வைத்தார். பழைய மானிட்டர் ஒன்றை நான் அலுவலகத்திலிருந்து சொல்லி வாங்கினேன். கார்டு மட்டும்தான் பாக்கி. அதுதான் விலை அதிகம், அதுதான் விளையாட்டுக்கு உயிர்.

கார்டுக்கான பேச்சு தொடங்கி மாதங்கள் போயின. இந்தக் கார்டு சூடாகும், அந்தக் கார்டு நீளம், இன்னொன்று பழசு. விலை இறங்கும் என்று பொறுத்தார்கள். இறங்கியது. இன்னும் இறங்கும் என்று அண்ணன் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். கார்டில் ஆரம்பித்து எங்கெங்கோ போகும். அவளுடைய கணக்கு ஆசிரியர் தும்மினால் கரும்பலகை ஆடுவது, அண்ணிக்குப் புது வேலை கிடைத்தது, தோழிக்கு எழுதிப் பதில் வராதது. அண்ணனும் சொல்வார். பதினாறாவது மாடியில் ஜன்னல் மாட்டும்போது உள்ளே வந்த புறா, போகத் தெரியாமல் நாள் முழுக்க இவர் தோள்மேலேயே சுற்றியதைச் சொன்னார். அந்தப் புறாவை எனக்கு அவர் சொன்னதில்லை.

நான் ஒருநாள் அலுவலகம் முடிந்து வருகிற வழியில் கம்ப்யூட்டர் கடைக்குள் போனேன். அண்ணனின் பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது, அவருக்கே அது நினைவிருக்காது. அவருக்குத் தெரியாமல் கொஞ்சம் பணம் போட்டு அந்தக் கார்டை வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். முன்பு அண்ணனோடு வந்திருந்ததால் கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்; அங்கேயும் அவர் மில்லிதான்.

"மில்லி சார் தங்கச்சிதானே? அவரே முழுப் பணத்தோட வந்தாரும்மா. மூணு தடவை. கார்டை எடுத்து மேஜைமேல வைப்பேன். திருப்பித் திருப்பிப் பார்ப்பாரு. டேப் எடுத்து அளப்பாரு. அப்புறம் அடுத்த வாரம் வர்றேன்னு போயிடுவாரு. கார்டுல ஏதும் குறையான்னு கேட்டேன். குறை ஒண்ணுமில்லைன்னாரு."

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அண்ணன் அப்போது என் அறை ஜன்னலின் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"பணம் வெச்சிருக்கீங்களாமே. ஏன் வாங்கல?"

"வாங்கலாம்."

"அவ காத்துக்கிட்டிருக்கா."

"கடையில பசங்க ஆடறதைப் பார்த்தேன்" என்றார். "ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து ஆடறாங்க. காதுல பெருசா மாட்டிக்கிட்டு. ஒரு மணி நேரம் நின்னேன். ஒருத்தன் வலதுங்கறான், ஒருத்தன் இடதுங்கறான். வேற ஒரு பேச்சும் இல்ல."

எண்ணெய்க் குப்பியை மூடினார். துணியால் சக்கரத்தைத் துடைத்தார்.

"கார்டு வந்தா ஆட ஆரம்பிக்கணும். அப்புறம் ஞாயித்துக்கிழமை எதைப் பேசறது?"

எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. எங்கள் வீட்டில் அது பரம்பரை வியாதி. பேச எவ்வளவோ இருக்கிறது அண்ணா, புறாவைப் பேசினீர்களே என்று சொல்லியிருக்கலாம். அது இப்போது தோன்றுகிறது.

ஆனால் பாப்பாவுக்கு அது எப்படித் தெரியும்? அவளுக்கு இவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத அப்பா. பேச்சை நீட்டுகிறார் என்று அவள் நினைக்கவில்லை. பழையபடி ஏமாற்றுகிறார் என்று நினைத்தாள். அடுத்து வந்த ஒரு ஞாயிறு அண்ணன், "அடுத்த மாசம் புது மாடல் வருதாமே" என்று ஆரம்பித்ததும் பாப்பா குறுக்கே வெட்டினாள்.

"நீங்க வாங்கப் போறதே இல்லப்பா."

"இல்ல பாப்பா, விலை..."

"விலை இல்ல. நீங்க எப்பவும் இப்படித்தான். எனக்கு ஹோம்வர்க் இருக்கு."

அடுத்த ஞாயிறு அவள் எடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை அண்ணன் வேலைக்குப் போகாமல் கடை திறக்கும் முன்பே போய் வாசலில் நின்று கார்டை வாங்கி வந்தார். பெட்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று காட்டியது. பதில் வரவில்லை.

அந்த வாரம் முழுக்க வேலைவிட்டு வந்ததும் பாகங்களைப் பூட்டினார். போனில் வீடியோ பார்த்து, நிறுத்தி, ஒரு திருகாணி போட்டு, மறுபடி ஓடவிட்டு. கிட்டத்தில் போய் எட்டிப் பார்த்தால் விரட்டுவார். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கண்ணாடிக்குள் ஒரு ஒயர் கண்ணில் படவில்லை. எல்லாவற்றையும் பின்தகட்டுக்கு அந்தப்பக்கம் இழுத்து, தன் கதவு வேலையில் செய்கிற மாதிரியே கட்டுக்கட்டாகப் பட்டை போட்டுக் கட்டியிருந்தார். அவ்வளவு அழகான வேலை. பொத்தானை அழுத்தினார். விசிறிகள் சுற்றின. பாப்பா ஆசைப்பட்ட விளக்குகள் எரிந்தன. மானிட்டர் கறுப்பாகவே இருந்தது.

அணைத்துப் போட்டார். மறுபடி அணைத்துப் போட்டார். நான் மானிட்டரின் ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த வைத்தியம் அத்தோடு முடிந்தது. ஓடுகிறது, ஆனால் எதையும் காட்டவில்லை. எந்த பாகத்தைக் குற்றம் சொல்வதென்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கறுப்புத் திரையில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்தான் பாப்பாவுக்குப் போன் அடித்தேன். என் எண் என்பதால் எடுத்தாள்.

"அத்தை?"

"அப்பா எல்லாம் மாட்டிட்டாருடா. படம் வரல."

வீடியோவில் வந்தாள். முகம் இன்னும் கொஞ்சம் உர்ரென்றுதான் இருந்தது. ஆனால் மெஷினைக் காட்டியதும் குரல் மாறிவிட்டது. ராமைக் கழற்றி மாற்றிப் போடச் சொன்னாள், போட்டார். கார்டை எடுத்து மறுபடி அழுத்தச் சொன்னாள், அழுத்தினார். போனை நான் பிடித்துக்கொண்டு அவள் சொன்ன பக்கமெல்லாம் திரும்பினேன்.

"எல்லா ஒயரும் மாட்டிட்டீங்களாப்பா?"

"பாரு" என்று பின்தகட்டைக் கழற்றிக் காட்டினார். "ஒண்ணு தொங்குதா பாரு."

"செமையா இருக்குப்பா. யூட்யூப்ல போடலாம்."

அண்ணனின் காதுமடல் சிவந்துவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் முயன்றார்கள். பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள். "போர்டுதான் போச்சுன்னு நினைக்கிறேன்."

"திருப்பிக் கொடுக்கலாமா?"

"அது முதல்ல வாங்கினதுப்பா. மாத்திக்கற நாளெல்லாம் எப்பவோ தாண்டிடுச்சு."

"பரவாயில்ல" என்றார் அண்ணன். உடனே, "அப்ப வேற போர்டு பார்க்கணும். நீலமா, கறுப்பா?" என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்ததை வருத்தம் என்று சொன்னால் பொய்.

பாப்பா சிரித்தாள். "எனக்குப் பரீட்சை வருதுப்பா. முடியட்டும், பார்க்கலாம்."

"முடியட்டும். நல்லாப் படி."

பரீட்சை முடிவதற்குள் அவர் போய்விட்டார். வேலை முடிந்து வரும்போது பேருந்தில், ஜன்னலோர இருக்கையில். கடைசி நிறுத்தத்தில் தூங்குகிறார் என்று நினைத்து நடத்துநர் தோளைத் தொட்டிருக்கிறார். இதயம் என்றார்கள். சட்டைப்பையில் டேப்பும், போனும் இருந்தன.

அண்ணியும் பாப்பாவும் வந்தார்கள். சடங்கெல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிப் போன பிற்பகல் பாப்பா அவர் அறைக்குள் போனாள். அப்பாவின் உயரம் வந்துவிட்டது அவளுக்கு. மெஷினின் பின்தகட்டில் கை வைத்தாள். கதவருகில் நான் நின்றேன்.

"திறக்கலாமா, அத்தை?"

"உன்னுதுதாம்மா."

தகட்டைக் கழற்றினாள். ஒயர்க் கட்டுகளை விரலால் தடவினாள். எதையும் அவிழ்க்க மனசில்லாமல் விரலை அங்கேயே வைத்திருந்தாள். பிறகு ஒரு பட்டையை மட்டும் வெட்டினாள், அடுத்ததை வெட்டினாள். உபரி ஒயர்களைச் சுருட்டி வைத்த கட்டுக்குள்ளிருந்து ஒரு முனையை இழுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். போர்டின் மேல்மூலையில், விசிறிக்குப் பின்னால், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் காலியாக ஒரு துளை வரிசை இருந்தது. முனையை அதில் வைத்து அழுத்தினாள். டக்கென்று ஒரு சத்தம்.

"பிராசஸருக்குக் கரண்ட் போற ஒயர்" என்றாள். "இது இல்லைன்னா ஃபேன் சுத்தும், படம் வராது."

பொத்தானை அழுத்தினாள். மானிட்டரில் வெள்ளை எழுத்துகள் வந்தன. போர்டின் பெயர், பிராசஸரின் பெயர், ராமின் அளவு. அவர்கள் இரண்டு பேரும் வாரக்கணக்கில் சண்டை போட்டுத் தேர்ந்தெடுத்தது எல்லாம் வரிசையாக.

"போர்டு நல்லாத்தான் இருந்திருக்கு" என்றாள். "நான்தான் போச்சுன்னு சொன்னேன்."

"உனக்கு எப்படிடா தெரியும்? மறைச்சு வெச்சுக் கட்டியிருந்தாரு. நானும்தான் பார்த்தேன்."

அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அவ்வளவு நாள் கார்டு வாங்கக் காசு இல்லையா அவர்கிட்ட? நான் திட்டினேன் அத்தை."

சொல்லலாமா வேண்டாமா என்று நான் நினைத்துப் பார்த்த நேரம் அதிகமில்லை. ஏமாற்றுகிற அப்பா என்ற எண்ணத்தோடு அவள் போகக்கூடாது என்று மட்டும் பட்டது. "காசு இருந்துச்சு. வாங்கிட்டா ஆட ஆரம்பிச்சுடுவீங்க, பேச்சு நின்னுபோயிடும்னு பயம். கடையில யாரோ ரெண்டு பசங்க பேசாம ஆடறதைப் பார்த்துட்டு வந்து சொன்னாரு."

பாப்பா திரும்பி என்னைப் பார்த்தாள். முதலில் புரியாத மாதிரி. பிறகு அவள் உதடு ஒரு பக்கம் கோணியது.

"நான் ஆடும்போதுதான் அத்தை நிறையப் பேசுவேன்" என்றாள். "அம்மா வந்து கதவைத் தட்டுவாங்க, போதும்டி வாயை மூடுன்னு."

நான் அவள் தலையில் கை வைத்தேன். விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கீழேயிருந்து அண்ணி கூப்பிட்டார், வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று. விளையாட்டு ஓட வேண்டுமென்றால் இன்னும் விண்டோஸ் போட வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும் என்றாள் பாப்பா. எடுத்துக்கொண்டு போ என்றேன். அவளிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, இது இங்கேதான் இருக்க வேண்டும் என்றாள். வெட்டிய பட்டைகளுக்குப் பதிலாகப் புதுப் பட்டைகளை அவரது கருவிப் பையில் தேடி எடுத்து, அந்த ஒயர்களை அவர் கட்டியிருந்த மாதிரியே கட்டப் பார்த்தாள். அவ்வளவு சுத்தமாக வரவில்லை. ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தகட்டை மூடினாள்.

மெஷின் அவர் அறையில் இருக்கிறது. தூசி துடைக்கும்போது சில நாள் பொத்தானை அழுத்துவேன். எல்லாப் பெயர்களும் வரிசையாக வரும். பிறகு, தொடங்குவதற்கு எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டி நிற்கும். அதற்குமேல் எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாப்பா எனக்குப் போன் செய்கிறாள்.

"சாப்ட்டீங்களா அத்தை?"

"ம். நீ?"

"ம்."